கழிவு போகாத கால் அடி: சி23 தரமாற்றமும் ராணிப்பேட்டையின் ஒரு பழைய நிரலும்

ராணிப்பேட்டையில் உள்ள ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலின் பரப்பளவைக் கூட்டிப் பட்டியல் அச்சிடும் நிரல் ஒன்று, புதுக் கணினிக்கு மாற்றப்பட்ட பிறகு, கழிக்க வேண்டிய கழிவைக் கழிக்காமலே பட்டியல் போட்டுவந்தது. அளவு இயந்திரத்தில் பழுதில்லை; நிரலில் கூட்டல் கழித்தல் உள்ள ஒரு வரியையும் யாரும் தொடவில்லை. சி என்ற நிரல்மொழியின் புதிய தரமான சி23 நீக்கிவிட்ட ஒரு பழைய எழுத்துமுறையை அந்த நிரலில் பாதி மாற்றி, மீதியை அப்படியே விட்டதுதான் காரணம். நடந்ததையும், அதையொட்டி வேலூரில் நிரலர்கள் சிலர் கூடி அந்தத் தரமாற்றம் சரியா தவறா என்று விவாதித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். தொழிற்சாலையின் பெயரும் பழுது பார்த்தவரின் பெயரும் இதற்குத் தேவையில்லை.

நிரல் செய்த வேலை

பதனிட்ட தோல் பெரும்பாலும் எடைக்கு விற்பதில்லை. சதுர அடிக்கு விற்கிறது. தோலை விரித்து அளவு இயந்திரத்தில் செலுத்தினால், குறுக்கே வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ள ஒளி உணரிகளில் எத்தனை மறைக்கப்படுகின்றன, எவ்வளவு நேரம் மறைக்கப்படுகின்றன என்பதிலிருந்து பரப்பளவு கிடைக்கிறது. இந்தத் தொழிற்சாலையில் அது கால் சதுர அடிக்கு முழுமையாக்கப்படும். பிறகு செலக்‌ஷன் பார்ப்பவர், அதாவது தோலைத் தரம் பிரிப்பவர், ஓட்டைக்கும் உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டுக்கும் கால், அரை, முக்கால் என்று ஒரு கழிவைச் சொல்வார். மொத்தப் பரப்பையும் கழிவையும் வாங்கிக்கொண்டு நிகரப் பரப்பைத் திருப்பித் தருவது நிரலில் உள்ள ஒரு சிறு செயற்கூறின் (function) வேலை. உள்ளூர்க் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சதுர அடிப் பட்டியல், ஏற்றுமதிக்குச் சதுர டெசிமீட்டர்ப் பட்டியல் என இரண்டையும் நிரல் அச்சிடும்.

நிரல் 1990-களில் எழுதப்பட்டது. ஆனால் அதன் எழுத்துமுறை 1978-இல் கெர்னிகனும் ரிச்சியும் வெளியிட்ட நூலின் முறை. அந்த முறையில் செயற்கூறை வரையறுக்கும்போது அடைப்புக்குறிக்குள் அளபுருக்களின், அதாவது செயற்கூறு வாங்கிக்கொள்ளும் மதிப்புகளின், பெயர்கள் மட்டுமே இருக்கும்; அவை முழு எண்ணா தசம எண்ணா என்ற விவரம் அடுத்த வரிகளில் வரும். வேறொரு கோப்பிலிருந்து அந்தச் செயற்கூறை அழைக்க வேண்டுமானால், பெயரையும் அதன்பின் வெற்று அடைப்புக்குறியையும் எழுதி அறிவித்தால் போதும். "இதற்கு என்னென்ன தர வேண்டும் என்று என்னைக் கேட்காதே" என்று கம்பைலரிடம், அதாவது நிரலைத் தொகுத்து இயங்கும் வடிவாக்கும் மென்பொருளிடம், சொல்வதற்கு அது சமம். கம்பைலரும் கேட்காது. ஒரு பொது விதியை மட்டும் பின்பற்றும்: 32 பிட் தசம எண்ணான ஃப்ளோட்டை 64 பிட் டபுளாகவும், சிறிய முழு எண்களை இன்ட் என்ற வழக்கமான முழு எண் வகையாகவும் விரித்து அனுப்பும். பழைய முறையில் வரையறுத்த செயற்கூறுக்கும் அந்த விதி தெரியும் என்பதால், தன் அளபுரு ஃப்ளோட் என்று எழுதியிருந்தாலும் அது டபுளாகவே வாங்கி, உள்ளே சுருக்கிக்கொள்ளும். இந்த நிகழ்வின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் எக்ஸ்3ஜே11 குழு 1989-இல் முடித்த முதல் தரம், ஒவ்வொரு அளபுருவின் வகையையும் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதும் புரோட்டோடைப் முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையையும் வைத்துக்கொண்டது. ஆனால் அது வழக்கொழிந்துவரும் அம்சம் என்று குறித்துவைத்தது. அதே 1989-இல்தான் வட ஆற்காடு மாவட்டமும் இரண்டாகப் பிரிந்தது, பெயர் அரசிதழிலிருந்து போய்விட்டாலும், பழைய பத்திரங்களிலும் பெரியவர்கள் எழுதும் முகவரிகளிலும் "வ.ஆ." இன்னும் இருக்கிறது, கடிதமும் வந்து சேர்ந்துவிடுகிறது. பழைய சி எழுத்துமுறையும் அப்படித்தான் 1999, 2011, 2018 தரங்களைத் தாண்டி வந்தது. சி மொழியின் தரத்தைக் கவனிக்கும் ஐஎஸ்ஓ குழுவான டபிள்யூஜி14-இன் என்2432, என்2841 என்ற முன்மொழிவுகள் வழியாக அதற்கு முடிவு கட்டியது சி23 தரம். ஐஎஸ்ஓ அதை 2024 அக்டோபரில் வெளியிட்டது. பழைய முறை வரையறை நீக்கப்பட்டது. வெற்று அடைப்புக்குறிக்கு, சி++ மொழியில் எப்போதும் இருந்துவருவதைப் போல, "அளபுரு எதுவும் இல்லை" என்பதே பொருளாயிற்று.

நடந்தது

தரம் வெளியானதால் மட்டும் ராணிப்பேட்டையில் எதுவும் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் வந்த, ஜிசிசி என்ற கம்பைலரின் 15-ஆம் பதிப்பு, தனியாகச் சொல்லாவிட்டால் சி23-ஐயே கொள்வது என்று தன் இயல்புநிலையை மாற்றியது. அந்த ஜிசிசி உள்ள லினக்ஸ் கொண்ட புதுக் கணினியில் நிரலைத் தொகுத்தபோது இரண்டு விதமான செய்திகள் வந்தன. பழைய முறை வரையறைகளுக்கு ஜிசிசி எச்சரிக்கை மட்டுமே தந்தது. ஆனால் வெற்று அடைப்புக்குறியோடு அறிவிக்கப்பட்ட செயற்கூறுகளை மதிப்புகளோடு அழைத்த ஒவ்வோர் இடத்திலும், மதிப்புகள் அதிகம், எதிர்பார்த்தது 0, இருப்பது 2 என்ற பாணியில் பிழை காட்டி நின்றுவிட்டது.

வேலை எடுத்துக்கொண்டவர் முதலில் எச்சரிக்கைகளைக் கவனித்தார். வரையறைகள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்ததால், ஒவ்வொன்றையும் புது முறைக்கு மாற்றினார். கழிவு அளபுரு ஃப்ளோட் என்று இருந்தது. புது வரையறையிலும் ஃப்ளோட் என்றே எழுதினார். பார்வைக்கு அதில் தவறே இல்லை. பிறகு பிழைகளுக்கு வந்தார். அவை பல கோப்புகளில் நூற்றுக்கணக்கான அழைப்புகளில் பரவியிருந்தன. பட்டியல் அன்றைக்கே வேண்டும் என்று தொழிற்சாலை காத்திருந்த நிலையில், சி23-க்கு முந்தைய விதிகளைக் கொண்ட ஜிஎன்யு17 தரத்தின்படி தொகு என்ற ஒரு தெரிவை, தொகுப்புக் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில் சேர்த்தார். பிழைகள் மொத்தமும் மறைந்தன. நிரல் ஓடியது, பட்டியலும் வந்தது.

ஆனால் இப்போது அழைக்கும் கோப்பு பழைய விதியில் நிற்கிறது. கழிவை டபுளாக, 64 பிட்டுகளில் அனுப்புகிறது. அழைக்கப்படும் செயற்கூறோ புது விதியில் நிற்கிறது. தனக்கு 32 பிட் ஃப்ளோட் வரும் என்று நம்பி, பதிவகத்தின் (செயலிக்குள் எண் வந்து நிற்கும் இடம்) கீழ்ப்பாதி 32 பிட்டுகளை மட்டும் படிக்கிறது. கால், அரை, முக்கால் போன்ற எண்கள் இரும வடிவில் மிகச் சுருக்கமானவை. அவற்றை டபுளாக எழுதினால் கீழ்ப்பாதி முழுவதும் சுழியம். ஆகவே செலக்‌ஷன் பார்ப்பவர் எந்தக் கழிவைச் சொன்னாலும் செயற்கூறுக்குக் கிடைத்தது 0. மொத்தப் பரப்பு இரு பக்கத்திலும் டபுளாகவே இருந்ததால் அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு எண் சரி, மற்றொன்று சுழியம். விடை நம்பும்படியாக இருந்தது.

இது தெரியாமல் போனதற்குத் தொழிலும் ஒரு காரணம். தோல் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அனுப்பியவர் அளவுக்கும் வாங்கியவர் அளவுக்கும் சிறு வேறுபாடு இருப்பது வழக்கம். அதற்காக யாரும் உடனே கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. தோலை வாங்கிய ஆம்பூர்க்காரர் அளவு குறைகிறது என்று சொன்னபோதும், இங்கே காற்றில் ஈரம் கூட, அங்கே குறைவு என்றே பேச்சு முடிந்தது.

காட்டிக்கொடுத்தது ஏற்றுமதிப் பட்டியல். கால் சதுர அடி என்பது 2.32 சதுர டெசிமீட்டர். நிரல் அதை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி 2.3 என்று அனுப்பும். 2.3 என்பது இரும வடிவில் முடிவில்லாமல் நீளும் எண் என்பதால் டபுளின் கீழ்ப்பாதியில் சுழியம் இல்லை. அந்தப் பாதியை ஃப்ளோட்டாகப் படித்தால் ஏறத்தாழ 2.72-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கிய எண் வருகிறது. நிகரப் பரப்பு என்ற கட்டத்தில் கழித்தல் குறியோடு ஒரு நீண்ட எண் அச்சாகிப் பக்கத்தையே தாண்டி ஓடியது. அரை அடிக் கழிவுக்கும், அதாவது 4.6-க்கும், அதே எண்தான் வந்தது, 4.6 என்பது 2.3-இன் இரு மடங்கு என்பதால் டபுளில் அடுக்கு மட்டுமே மாறும், கீழ்ப்பாதி மாறாது. வெவ்வேறு கழிவுக்கு ஒரே அபத்தம் என்பதுதான் நல்ல துப்பாக அமைந்தது. முழு அடிக் கழிவான 9.3 போனபோதோ, கிடைத்தது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எண். அந்த வரி மறுபடியும் ஒழுங்காகத் தெரிந்தது. ஏற்றுமதிப் பட்டியலில் முழு அடிக் கழிவுகள் மட்டுமே இருந்திருந்தால் இது இன்னும் நெடுநாள் ஓடியிருக்கும்.

விவாதம்

காரணம் தெரிந்த பிறகு, சத்துவாச்சாரியில் ஒரு பயிற்சி மைய அறையில் சிலர் கூடினோம். பழுது யாருடையது என்ற கேள்வி சீக்கிரமே முடிந்துவிட்டது. தரத்தை இப்படி மாற்றியிருக்கலாமா என்பதுதான் நெடுநேரம் நீண்டது.

இந்த வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலம் நிரல் எழுதிக்கொடுத்த பெரியவர் ஒருவர் மாற்றத்தை எதிர்த்தார். "முப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டுப் போவுதுன்னு விட்டு வச்சத இப்ப எடுக்கறதுக்கு என்ன அவசரம்?" என்றார். அவர் வாதத்துக்கு வலுவான ஆதாரம் குழுவின் கொள்கைகளிலேயே இருக்கிறது. முதல் தரத்தை உருவாக்கியவர்கள், ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்கள்தான் முக்கியம், ஏற்கெனவே இருக்கும் கம்பைலர்கள் அல்ல என்று எழுதிவைத்தவர்கள். ராணிப்பேட்டை நிரல், ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல் இல்லாமல் வேறென்ன?

கல்லூரியில் சி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. வழக்கொழிந்துவரும் அம்சம் என்று 1989-இல் எழுதியது எச்சரிக்கை இல்லையென்றால் வேறெது எச்சரிக்கை என்று கேட்டார். தரவைச் சுருக்க உலகம் முழுவதும் பயன்படும் ஸீலிப் நிரல் நூலகமே 2023-இல் வந்த 1.3 பதிப்பில்தான் பழைய முறை வரையறைகளைக் கைவிட்டது என்பதை அவர் எடுத்துச் சொன்னபோது, அது இரு பக்கத்துக்கும் உதவும் சான்றாக எனக்குப் பட்டது: அவ்வளவு காலம் பொறுத்தார்கள் என்றும் சொல்லலாம், அவ்வளவு காலமும் யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை என்றும் சொல்லலாம். பழைய வரையறைகளைத் தானாகவே புது முறைக்கு மாற்றித் தந்த புரோட்டோயைஸ் என்ற கருவியை ஜிசிசி தன் 4.5 பதிப்பிலேயே, 2010-இல், நீக்கிவிட்டது என்பதைப் பெரியவர் பதிலாகச் சொன்னார். ஏணியை எடுத்துவிட்டுப் பிறகு இறங்கச் சொல்கிறார்கள் என்பது அவர் குறை. அதில் நியாயம் உண்டு.

காட்பாடியிலிருந்து வந்திருந்த, சாதனங்களுக்கு உள்நிரல் எழுதும் பெண் ஒருவர்தான் விவாதத்தைச் சரியான இடத்துக்குத் திருப்பினார். "சார், ஐஎஸ்ஓ யாரையும் எதையும் மாத்தச் சொல்லல. 89 தரத்துல தொகுன்னு சொன்னா ஜிசிசி இன்னைக்கும் தொகுக்குது. மாத்துனது கம்பைலரோட இயல்புநிலை" என்றார். தரத்தை எழுதுபவர்கள் ஒரு பக்கம், எந்தத் தரம் இயல்பு என்று தீர்மானிப்பவர்கள் மறுபக்கம். நிரலருக்கு இரண்டும் ஒரே நாளில் ஒரே முகமாக வந்து நிற்கின்றன. கிளாங் கம்பைலர் இதே சிக்கலுக்கு 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்தே இயல்பாக எச்சரிக்கை கொடுத்துவந்தது. ஜிசிசியில் வெற்று அடைப்புக்குறி அறிவிப்புகளைக் காட்டும் எச்சரிக்கை, எல்லா எச்சரிக்கையும் வேண்டும் என்று பொருள்படும் பெயர் கொண்ட தெரிவைக் கொடுத்தாலும் வருவதில்லை. தனியாகக் கேட்க வேண்டும்.

தொழிற்சாலை உரிமையாளரும் வந்திருந்தார். அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "பாய், நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆசிரியர் கேட்டார். "யார் மாத்துனா எனக்கென்ன சார், ஆம்பூருக்குத் திருப்பித் தர்ற பணம் எங்கிட்ட இருந்துதானே போவுது" என்றார் அவர். இதற்கு அந்த அறையில் யாரிடமும் பதிலில்லை. டபிள்யூஜி14-இன் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம் என்பது உண்மை; படித்து, தேசியத் தர அமைப்பு வழியாகக் கருத்து சொல்லும் நேரமும் வழியும் ஒரு தோல் தொழிற்சாலைக்கு இல்லை என்பதும் உண்மை.

என் மதிப்பீடு

மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன். பழைய நிரலை உடைக்கிறதா என்பது இதில் பயனுள்ள அளவுகோல் அன்று. உடைக்கும்போது சத்தம் போடுகிறதா என்பதே அளவுகோல். முதல் குழுவின் கொள்கைகளிலேயே, ஓசையில்லாத மாற்றங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அதே குழு 1989-இல் அதை ஓரிடத்தில் மீறவும் செய்தது: குறியில்லாத (கழித்தல் மதிப்பு ஏற்காத) சிறு முழு எண்களை இன்ட் அளவுக்கு விரிக்கும்போது குறியில்லாத இன்ட் ஆகவே வைத்துக்கொண்ட கம்பைலர்கள் பல இருக்க, மதிப்பு அடங்குமானால் குறியுள்ள இன்ட் ஆக்குவது என்று விதித்தது. அந்த மாற்றத்தால் சில ஒப்பீடுகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேறு விடை தந்தன. அதோடு ஒப்பிட்டால் சி23 செய்தது நேர்மையான காரியம். இந்த மாற்றத்தால் பழைய நிரல் ஒன்று சி23-இல் வேறு பொருளில் ஓடிவிடுவதில்லை. கம்பைலர் வாயைத் திறந்து சொல்கிறது.

இந்த நிகழ்விலும் கம்பைலர் சொல்லத்தான் செய்தது. நிரலை முழுக்கப் பழைய முறையிலேயே விட்டு ஜிஎன்யு17-இல் தொகுத்திருந்தால் கழிவு சரியாக வந்திருக்கும். முழுக்கப் புது முறைக்கு மாற்றியிருந்தாலும் சரியாக வந்திருக்கும், ஏனென்றால் பொருந்தாத ஒவ்வோர் அழைப்பும் பிழையாக நின்றிருக்கும். அரைக்கிணறு தாண்டியதுதான் ஆபத்து. வரையறை ஒரு கோப்பில் புதிது, அறிவிப்பு வேறொரு கோப்பில் பழையது, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு கம்பைலருக்கு இல்லை என்ற நிலையில், பழைய தரம் இதற்கு எந்த விளைவையும் வரையறுக்கவில்லை என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. பெரியவர் காப்பாற்ற விரும்பிய அந்த இடைவழிதான் இந்தப் பட்டியல்களைக் கெடுத்தது. அவரிடமே இதைச் சொன்னபோது, இடைவழியில் தவறில்லை, இறங்கியவர் பாதை தெரியாமல் இறங்கினார் என்றார். அதை முழுக்க மறுக்கவும் என்னால் முடியவில்லை.

மாற்றத்தில் எனக்கு உள்ள குறை வேறிடத்தில். வெற்று அடைப்புக்குறியின் மெய்யான பயன் செயற்கூறு அட்டவணைகளில் இருந்தது: பட்டியலில் எந்த எண்ணை அழுத்தினால் எந்தச் செயற்கூறு என்று ஒரு வரிசையில் வைத்து, ஒன்றுக்கு ஒரு மதிப்பும் இன்னொன்றுக்கு இரண்டு மதிப்புகளும் கொடுத்து அழைப்பது. அதற்கு ஈடாக, பெயருள்ள அளபுரு எதுவும் இல்லாமல் மூன்று புள்ளிகளை மட்டும் எழுதலாம் என்று சி23 ஒரு தளர்வைத் தந்திருக்கிறது. ஆனால் மூன்று புள்ளி வகையும், அளபுருக்கள் உறுதியான செயற்கூறின் வகையும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை அல்ல. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு செயற்கூறையும் உள்ளே திருத்தாமல் அந்தத் தளர்வைப் பயன்படுத்த முடியாது. இங்கே குழு கொடுத்தது பாதி மருந்து.

சரிசெய்த விதம்

பழைய பிரதியை எடுத்து, ஒரு எழுத்தும் மாற்றாமல், ஜிஎன்யு17-இல் தொகுத்து முதலில் வேலையை ஓடவிட்டார்கள். பக்கத்தில் தனிப் பிரதி ஒன்றில் எல்லாச் செயற்கூறுகளுக்கும் ஒரே தலைப்புக் கோப்பில் புரோட்டோடைப் எழுதி, வரையறைக் கோப்பும் அழைக்கும் கோப்புகளும் அந்த ஒன்றையே சேர்த்துக்கொள்ளும்படி செய்து, பழைய முறை வரையறையும் வகையில்லா அறிவிப்பும் எங்கே இருந்தாலும் எச்சரிக்கையாக அல்லாமல் பிழையாகவே நிற்கும்படி சி23-இல் தொகுத்தார்கள். ஃப்ளோட் அளபுருக்கள் அனைத்தும் டபுள் ஆயின. பழைய செயற்கூறு உண்மையில் வாங்கிக்கொண்டிருந்தது டபுளைத்தான். ஆனால் அது உள்ளே ஃப்ளோட்டாகச் சுருக்கியதையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் சதுர டெசிமீட்டர்ப் பட்டியலில் சில வரிகளின் கடைசித் தசமம் பழைய பட்டியலோடு ஒத்துவராமல் போகலாம். ஆகவே செயற்கூறின் முதல் வரியில் அந்தச் சுருக்கலை வெளிப்படையாக எழுதினார்கள். பிறகு பழைய பட்டியல்களின் உள்ளீட்டைக் கொடுத்து இரண்டு பிரதிகளின் அச்சையும் வரி வரியாக ஒப்பிட்டு, வேறுபாடு இல்லையென்று கண்ட பிறகே பிரதியை மாற்றினார்கள்.

ஆம்பூருக்குக் கிரெடிட் நோட் போயிற்று. செலக்‌ஷன் பார்ப்பவர் கையால் எழுதிவைத்த கழிவுச் சீட்டுகள் பத்திரமாக இருந்ததால், ஈரப்பதத்தால் வந்த குறைவு எது, கழிக்காமல் விட்டது எது என்று பிரித்துக் காட்ட முடிந்தது. செயற்கூறு அட்டவணை உள்ள ஒரு கோப்பு மட்டும் இன்னும் ஜிஎன்யு17-இலேயே தொகுக்கப்படுகிறது. அது ஏன் என்பதும், அந்த அட்டவணையில் சேரும் எந்தச் செயற்கூறும் ஃப்ளோட்டையோ சிறு முழு எண்ணையோ அளபுருவாகக் கொள்ளக் கூடாது என்பதும் கோப்பின் தலைப்பில் குறிப்பாக எழுதப்பட்டிருக்கின்றன.